மனுகாவ் பாறையின் மூன்று கடல்நாய்கள்

லோஜனா மேசையில் வைத்த கடிதம் ஒரே பக்கம். அடியில் அவளுடைய பெயர் அச்சாகியிருந்தது. பெயருக்கு மேலே கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது.

"இதில சைன் வைச்சா வேலை இருக்கும் எண்டு சொல்லினம் அக்கா. வைக்காட்டி புதன்கிழமை விசாரணை. நான் வைக்கமாட்டன்."

கடைசி வாக்கியத்தை அவள் தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

ஞாயிறு காலை. ஹில்ஸ்பரோ வீட்டுக்கு வெளியே விடாத மழை. ஆனந்தவல்லி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தார். அவர் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் தரக் கண்காணிப்பாளர். ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விட்டால், எந்த இடத்தில் மாறியது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. அந்தத் திறமை வெளியிலும் தெரிந்துபோய், காணாமல் போன நகை, மாறிப்போன பெட்டி என்று வீட்டுக்கே வந்து நிற்பவர்கள் உண்டு. அப்படி யாராவது வந்தால் அவருடைய கணவர் பிரசாத் தோசைக்கல்லை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் கணினிக்காரர், குற்றவாளியைப் பிடிப்பதில் அவசரக்காரர்.

"யாரும்மா உன்னை மாட்டிவிட்டது? ஒரு பேரைச் சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"பிரசாத், முதல்ல அவ பேசட்டும்."

லோஜனா பேசினாள். அனிஹங்காவில் உள்ள ஒரு சிறிய கடலோர ஆய்வு நிலையத்தில் அவள் உதவி ஆய்வாளர். மனுகாவ் துறைமுக வாயிலருகே ஒரு பாறைத்திட்டு. குளிர்காலத்தில் அங்கே கடல்நாய்கள் ஏறிப் படுக்கின்றன. அந்த நாட்டில் குளிர்காலமான ஜூலையில் அவள் அங்கே பதினோரு எச்ச மாதிரிகள் எடுத்தாள்.

"எச்சம்னா?" என்றார் பிரசாத்.

"அதுதான் அண்ணா. கக்கா."

"பட்டம் வாங்கிட்டு சீல் கக்கா பொறுக்கறியா?"

"பிடிச்சு ஊசி போட்டா அதுகள் பயந்து பாறைக்கு வராதுகள். கக்காவைத் துடைச்சு எடுத்தாலே எந்தச் சீல் எண்டு மரபணுவில தெரியும்." அவள் வெட்கப்படவில்லை. "வெளிக் கொம்பனி ஒண்டு அதில இருக்கிற மரபணு எல்லாத்தையும் வாசிச்சு அனுப்பும். மீன், கிருமி எல்லாம் கலந்துதான் வரும். நாங்கள் அதைக் கழிச்சிட்டு சீலை மட்டும் வைச்சிருப்பம்."

நாட்டின் தெற்குத் தீவின் கரையில் ஜனவரியில் வேறொரு குழு எடுத்த எச்ச மாதிரிகள், அறுபத்து நான்கு குழாய்களில், அவளுடையவை இருந்த அதே ஃப்ரீசரில் இருந்தன. அவளுடைய பதினொன்றில் மூன்று, அந்த அறுபத்து நான்கில் மூன்றோடு அச்சு அசலாகப் பொருந்தின. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் கடல்வழி. அதே மூன்று கடல்நாய்கள்.

"ஆகஸ்ட் பதினாலாம் தேதி பின்னேரம் ரிசல்ட் எனக்கு வந்தது. சந்தோசத்தில டொக்டர் வில்மட்டின்ட அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னன். அவர்தான் எங்கட திட்டத் தலைவர். அடுத்த நாள் இந்தக் கடிதம்."

ஆனந்தவல்லி உரக்க வாசித்தார். "தெற்குக் குழாய்கள் மூன்றிலிருந்து எடுத்து, வடக்கே மனுகாவில் எடுத்த குழாய்களில் நானே நிரப்பினேன். ஆகஸ்ட் பதினோராம் தேதி டாக்டர் வில்மட் அந்த மூன்று தெற்குக் குழாய்களையும் எடைபோட்டபோது ஒவ்வொன்றிலும் பாதி குறைந்திருந்தது. என் மூன்று மாதிரிகளையும் திரும்பப் பெறுகிறேன்."

அவர் கடிதத்தை உடனே கீழே வைக்கவில்லை.

"திரும்ப வாங்கினா யாருக்கு நஷ்டம்?"

"பாறைக்கு, அக்கா. வடக்கும் தெற்கும் கலக்காது, இங்க வாறதுகள் வழிதவறினதுகள் எண்டுதான் அவர் பத்து வருசமா எழுதுறார். வெள்ளிக்கிழமை மனுகாவில பொது விசாரணை இருக்கு. அந்தப் பாறையில ஜெட்ஸ்கியும் நாயும் விடக்கூடாது எண்டு கேக்கிறம். வழிதவறினதுக்கு ஆர் பாறையை மூடுவினம்? பதினொண்டில மூண்டு தெற்குச் சீல் எண்டா அது வழிதவறினது இல்லை; என்ட மூண்டும் இருந்தாத்தான் அது அதுகளின்ட இடம் எண்டு காட்டலாம்."

"எவனோ குழாயை மாத்திட்டான்," என்றார் பிரசாத், தொடையைத் தட்டி. "ஃப்ரீசர் சாவி யார்கிட்ட இருக்கு?"

"கதவுக்குக் கார்ட் இருக்கு அண்ணா. எல்லாரிட்டயும் இருக்கு."

ஆனந்தவல்லி வேறொன்று கேட்டார். "கழிச்சோம்னு சொன்னியே, மீனு, கிருமி. அதெல்லாம் எங்க போகும்?"

லோஜனா விழித்தாள். "சேர்வர்ல கிடக்கும். ஒருத்தரும் பாக்கிறேல்லை."

"எங்க லேப்ல ரெண்டு குழாய் ஒரே ஆளோடதுன்னு சந்தேகம் வந்தா, ஒத்துப்போறதை நான் பார்க்கறதே இல்ல. ஒரே ஆளா இருந்தாலும் சர்க்கரை ரெண்டு நாளைக்கு ஒரே மாதிரி நிக்காது. ஒரே குழாயைப் பிரிச்சிருந்தா மட்டும்தான் அதுவும் ஒத்துப்போகும்." கடிதத்தை மடித்தார். "உன் சீல் என்ன சாப்பிட்டுச்சு?"

செவ்வாய் மாலைவரை பிரசாத் கழித்துப்போட்ட அந்த மரபணு வரிகளைச் சலித்தார். லோஜனா பக்கத்தில் உட்கார்ந்து மீன்களின் பெயர்களைப் பொருத்தினாள். முதல் தெற்குக் குழாயில் கணவாயும் ஆழ்கடல் விளக்கு மீனும். அதன் ஜோடியான வடக்குக் குழாயில் நெத்தலி. இரண்டாவது ஜோடி, அப்படியே. மூன்றாவது வடக்குக் குழாயில் நெத்தலியோடு பாரை மீனும் இருந்தது. வடக்குக் குழாய் எதிலும் கணவாயின் சுவடே இல்லை.

"ஒரே சீலு, வேற வேற சாப்பாடு!" பிரசாத் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். "தெற்குக் குழாயில இருந்து ஊத்தியிருந்தா கணவாயும் கூடவே வந்திருக்கணும். முடிஞ்சுது கதை!"

லோஜனா சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவை.

"நீ பண்ணலைங்கறது முடிஞ்சுது," என்றார் ஆனந்தவல்லி. "தெற்குக் குழாய்ல பாதி எங்க போச்சு? அது முடியல."

புதன்கிழமை, நிலையத்தின் கூட்ட அறை. நிலைய இயக்குநர் மார்கரெட் நடுவில் இருந்தார். டாக்டர் வில்மட் எதிரில், கையில் காப்பிக் கோப்பையோடு. துணைக்கு ஆள் அழைத்துவரலாம் என்ற விதிப்படி லோஜனாவின் இருபுறமும் ஆனந்தவல்லியும் பிரசாத்தும்.

மீன்களைப் பற்றி லோஜனாதான் விளக்கினாள். முதல் இரண்டு நிமிடம் தாளைப் பார்த்தே வாசித்தாள். அட்டவணையைத் திரையில் போட்டதும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். மார்கரெட் எழுந்து திரைக்கு அருகே வந்து மூன்று வரிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியானால் இவை தனித்தனி மாதிரிகள்," என்றார். "இதில் எனக்குச் சந்தேகம் இல்லை."

"குழாய்கள் பாதி காலி," என்றார் வில்மட். "அதை மீன் குடித்துவிட்டதா?"

ஆனந்தவல்லி தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னக் கேள்வி, டாக்டர். ஃப்ரீசரில் அறுபத்து நான்கு தெற்குக் குழாய்கள். எத்தனையை எடை போட்டீர்கள்?"

"சம்பந்தப்பட்ட மூன்றை."

"அந்த மூன்றுதான் சம்பந்தப்பட்டவை என்று யார் சொன்னது?"

"இவள்தான். என் அறைக்கு ஓடிவந்து சொன்னாள்."

"பதினான்காம் தேதி மாலை," என்றார் ஆனந்தவல்லி. "முடிவுகள் இவளுக்கு வந்த மின்னஞ்சலிலும் அதே தேதி. நீங்கள் எடைபோட்டது பதினொன்றாம் தேதி."

வில்மட் கோப்பையைக் கீழே வைத்தார். "தட்டச்சுப் பிழை."

"இருக்கலாம். ஃப்ரீசர் கதவின் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும்."

மார்கரெட் மடிக்கணினியைத் திறந்தார். "பதினொன்று, காலை ஏழு நாற்பது. டாக்டர் வில்மட்டின் அட்டை. இருபத்தைந்து நிமிடம்." இன்னும் கொஞ்சம் தேடினார். அவர் முகம் மாறியது. "திட்டத் தலைவர் என்று, கம்பெனி முடிவுகளை எட்டாம் தேதியே உங்களுக்கு அனுப்பியிருக்கிறது. சில நாட்கள் வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். நிலையத்துக்கும் பிரதி வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை."

பிரசாத் தமிழில் முணுமுணுத்தார். "அடப்பாவி, மூணு குழாயையும் காலி பண்ணினது இவனேதான்."

"ஏன் உண்மையான தேதியையே எழுதினார்?" லோஜனா மெல்லக் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ஆனந்தவல்லி தமிழிலேயே பதில் சொன்னார். "கதவு பதினொண்ணுன்னு காட்டுமே, அதை மாத்த முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அதுல கவனமாத்தான் இருந்தார். நீ ஓடிவந்து சொன்ன நாளைத்தான் அவர் மனசுல வெச்சுக்கவே இல்ல. அவர் கணக்குல நீ ஒரு ஆளே இல்லம்மா."

லோஜனாவுக்குக் காது சூடேறியது. அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது கோபம்.

மார்கரெட் வில்மட்டை வெளியே போகச் சொன்னார். கதவு மூடியதும் குரலைத் தாழ்த்தினார். "உன் பெயர் முழுக்கச் சுத்தமாகிவிட்டது, லோஜனா. ஆனால் இது வெளியே போனால் நிலையத்துக்குக் கெட்ட பெயர். இந்த மூன்று மாதிரிகளையும் வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுபோக வேண்டாம். அடுத்த குளிர்காலத்தில் புதிதாக எடு. உனக்குத் திட்டத் தலைவர் பொறுப்பு தருகிறேன்."

பிரசாத் வாயைத் திறந்தார். ஆனந்தவல்லி அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அடுத்த குளிர்காலம் வரைக்கும் பாறையில் ஜெட்ஸ்கி ஓடும்," என்றாள் லோஜனா. "ஒரு கோடை போதும். பிறகு எடுப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. மூன்றும் வெள்ளிக்கிழமை வரும். நிலையத்தின் பெயரில் வரலாம், என் பெயரில் மட்டும் வரலாம். அதை நீங்கள் தீர்மானியுங்கள்."

"உன் பெயரில் மட்டும் என்றால் வேலை..."

"தெரியும்."

மார்கரெட் மடிக்கணினியை மூடினார். பிறகு, "நிலையத்தின் பெயரில்," என்றார்.

வெள்ளிக்கிழமை மனுகாவ் மண்டபம் நிரம்பி வழிந்தது. லோஜனா ஒலிவாங்கியின் முன் நின்று, படங்களைக் காட்டி முடித்தாள். முன்வரிசையில் இருந்த படகுக் கழகத்துக்காரர் எழுந்தார்.

"எங்கிருந்தோ வழிதவறி வந்த ஒரு மிருகத்துக்காக நாங்கள் கடலை விட்டுக்கொடுக்க வேண்டுமா?"

"ஒன்று அல்ல, மூன்று," என்றாள் லோஜனா. "வழி தவறவும் இல்லை. தெற்கில் கணவாய் தின்றுவிட்டு, எழுநூறு கிலோமீட்டர் நீந்தி, இங்கே நெத்தலி தின்ன வந்தவை. உங்களிடம் அவை கடலைக் கேட்கவில்லை. படுக்க ஒரு பாறை, அவ்வளவுதான். நான் கேட்பதும் அவ்வளவுதான். தருவீர்களா, மாட்டீர்களா என்று இன்றைக்கே தெரிய வேண்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் காத்திருந்தாள். சிரிப்பு அடங்கியது.

விசாரணைக் குழுவின் தலைவர், பாறையை மூட ஆதரிப்பவர்களைக் கைகளை உயர்த்தச் சொன்னார். குழுவில் ஏழு உறுப்பினர்கள். முதலில் இரண்டு கைகள் எழுந்தன. பிறகு மூன்றாவது. ஓரத்தில் இருந்த வயதான பெண் படகுக்காரரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் கையைத் தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார்.

ஐந்து. லோஜனா எண்ணி முடிக்கும்வரை உட்காரவில்லை.