பச்சைத் தளத்தின் கீழே

"சார்! அதுல சாயாதீங்க!"

மழைக்கு ஒதுங்கியவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். எதிரே, மஞ்சள் ஹெல்மெட்டுக்குக் கீழே இரண்டு கண்கள்... கோபத்தில் அகல விரிந்து, இமை ஓரத்தில் ஒரு மழைத்துளியைத் தாங்கிக்கொண்டு...

திருநின்றவூர் ஏரிப் பக்கம் பாதி எழும்பிய வீடு அது. பைக்கை ஓரங்கட்டிவிட்டு உள்ளே ஓடிவந்த கிருபாகரன், வரிசையாக நின்ற இரும்பு முட்டுகளில் ஒன்றில் சுகமாக முதுகைச் சாய்த்திருந்தான்.

"ஏங்க, இரும்புதானே இது?"

"முட்டு நகந்துச்சுன்னா மேல இருக்கற தளம் என்ன ஆகும்? காங்கிரீட் போட்டு ஒரு வாரம்கூட ஆகல. இன்னும் பச்சை!"

"பச்சையா? சாம்பல் கலர்லல்ல இருக்கு?"

பின்னால் சாரம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி மதுரைவீரன் சிரித்துவிட்டார். "இன்னா மேடம், அண்ணாத்தே உன்னையே கலாய்க்குறாரு!"

தாட்சாயிணிக்கும் சிரிப்பு வந்தது... அடக்கிக்கொண்டாள். மூன்று வருடமாக சைட் இன்ஜினியர். அம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து, ஆண்களுக்கு நடுவே அதட்டி வேலை வாங்குகிறவள். யாரோ ஒருத்தன் முன்னால் சிரிப்பதா?

மழை விடவில்லை. அவனும் நகரவில்லை.

"இவ்வளவு பாரத்தை அந்த ஒல்லித் தூணா தாங்கும்?" என்று கேட்டான்.

கேட்ட விதத்தில் கிண்டல் இல்லை. அதனால் சொன்னாள். தளத்தின் பாரம் பீமுக்கு, பீமின் பாரம் தூணுக்கு, தூண் அதை அடியிலிருக்கும் அகன்ற பாதத்துக்கு இறக்கும், பாதம் மண்ணுக்குப் பரப்பிக் கொடுக்கும் என்று சொல்லும்போது அவள் கை மேலிருந்து கீழே மெல்ல இறங்கியது. அவன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. கண்களைப் பார்த்தான்.

"பீமுக்கு அடியில ஏன் இத்தனை கம்பி?"

"பாரம் ஏறினா பீம் நடுவுல தொய்யப் பாக்கும். அப்ப அடிப்பக்கம் இழுபடும். காங்கிரீட் அமுக்கினா தாங்கும், இழுத்தா விரிஞ்சுடும். அந்த இழுப்பைத் தாங்கத்தான் கம்பி."

இவ்வளவு கவனமாக யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை...

அதன்பிறகு வேளப்பன்சாவடி பக்கம் வேலை முடிந்ததும் கிருபாகரனின் பைக் எப்படியோ திருநின்றவூருக்கு வழி தேடிக்கொண்டது. தூணுக்குப் பலகை அடைக்கும்போது ஒருநாள், தளத்தில் பாத்தி கட்டி நீர் தேக்கும்போது ஒருநாள். வந்ததற்கு அவன் சொன்ன காரணம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. அவள் அதைத் துருவிக் கேட்கவும் இல்லை.

"நசரத்பேட்டையில எங்க மாமா ஃபிளாட் கட்டுறார். அதுல ஒண்ணு எனக்கு. விருதுநகர்ல இருந்து அம்மா வந்து எங்கூட இருக்கப்போறாங்க. நீங்க வந்து ஒரு தடவை பாக்கணும்" என்றான்.

"குறை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்..."

"அதுக்குத்தான் கூப்பிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். வெளிர் நீலச் சேலையில் ஹெல்மெட் இல்லாமல் அவள் படியேறி வந்தபோது அவன் வழிவிட மறந்து நின்றான். மாமா சுப்பராயன் ஒவ்வோர் அறையாகப் பெருமையோடு காட்டினார். அடுக்களைக்கு வந்ததும் தாட்சாயிணி நின்றுவிட்டாள். மேல் வீட்டுக் குளியலறைக் குழாய், பீமின் அடியைக் குடைந்துகொண்டு இறங்கியிருந்தது. சுற்றிலும் புதுப் பூச்சு. அதற்குள்ளேயே மயிரிழைபோல ஒரு விரிசல்.

"சார், குழாய்க்காக பீமை வெட்டியிருக்காங்க. கம்பியும் போயிருக்கும்னு தோணுது. இதைச் சரி பண்ணாம யாரும் குடிவரக் கூடாது."

சுப்பராயன் முகம் சிவந்தது. "எத்தனை வருசமா கட்டுறேன் தெரியுமாம்மா? நேத்து வந்த பொம்பளப்பிள்ளை எனக்குப் பாடம் எடுக்குதோ? ஏலே கிருபா, இதுக்குத்தான் கூட்டியாந்தியா?"

அவள் கிருபாகரனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும்.

அப்பா இல்லாத வீட்டில் அவனைப் படிக்கவைத்தவர் மாமா. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வர்றேன்" என்று படியிறங்கினாள். பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபிறகுதான் கண்ணீர் வந்தது. தன் கணிப்பில் அவளுக்குச் சந்தேகமில்லை. அவனைப் பற்றிய கணிப்புதான்... ச்சே!

அவன் அழைப்புகளை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் கிருபாகரன் மாமா வீட்டு வாசலில் நின்றான். "மாமா, அந்த வீட்டுல அம்மாதான் சமைக்கப்போறா. பூச்சை உரிச்சுப் பாத்திருவோம். அந்தப் பொண்ணு சொன்னது தப்புன்னா நான் மன்னிப்புக் கேக்குறேன். சரின்னா... நேத்தே நான் அவ பக்கம் நின்னு பேசியிருக்கணும்."

சுப்பராயன் உளியை எடுத்துக்கொண்டு அவனோடு ஃபிளாட்டுக்கு வந்தார். ஏணி போட்டு அவரே ஏறிக் கொத்தினார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே இரண்டு கம்பிகள் வெட்டுண்டு நின்றன.

கீழே இறங்கியவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். "குழாய்க்காரன் வெட்டியிருக்கான். நான் பாக்காம விட்டுட்டேன்லே... எங்க அக்கா தலைக்கு மேல" என்றார்.

அன்றே பீமுக்கு முட்டு கொடுத்துக் குழாயை வேறு பக்கம் திருப்பினார். தாட்சாயிணிக்கும் அவரே போன் செய்து, "நீ வந்து நின்னு சொல்லும்மா. அதும்படி செய்வோம்" என்றார். அவள் வந்தாள். புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, பீமுக்குக் காங்கிரீட்டால் உறை போடும்வரை நின்று பார்த்தாள். கிருபாகரன் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை திருநின்றவூரில் மேல்மாடித் தூண்களுக்குக் காங்கிரீட். லேசாகத் தூறியது. கலவையைக் கம்பிகளுக்கிடையே குத்தி இறக்கும் வைப்ரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு குரல்.

"தாட்சாயிணி!"

திரும்பினாள். நனைந்துபோய் நின்றான்.

"அன்னிக்கு வாயத் திறக்கல. தப்பு. மாமாகிட்ட சொல்லிட்டேன், அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் இன்னும் சொல்லல..."

"என்னன்னு சொன்னீங்க?"

"உங்களைத்தான் கட்டிக்குவேன்னு!"

சரியாக அந்த நொடியில் மதுரைவீரன் வைப்ரேட்டரை நிறுத்தியிருந்தார். சைட் முழுக்கக் கேட்டது.

அவள் கன்னம் சூடேறியது. குனிந்து, உதட்டைக் கடித்து, மெதுவாக நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் இப்போது கோபம் இல்லை...

"மாமா என்ன சொன்னாரு?"

"அந்தப் பிள்ளைக்கு உன்னைப் பிடிக்குமாலேன்னு கேட்டாரு. தெரியலன்னேன்."

"முட்டாள்" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "பிடிக்காமலா பஸ்ஸுல அவ்ளோ அழுதேன்?"

தூறல் வலுத்தது. "மேடம், அடுத்த தூண் போட்டுக்கலாமா?" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார்.

"போடுங்கண்ணே" என்றாள் தாட்சாயிணி, அவனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே.