ஈரமில்லாத இடம்

கிணற்றின் மேல் போட்டிருந்த பலகை நாலு விரல் அகலத்துக்கு நகர்ந்திருந்தது.

முந்தின நாள் மாலை ஜெயவேலுதான் அதை இழுத்து மூடி, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தான். மூன்று செங்கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. நாலாவது கீழே சேற்றில் நிமிர்ந்து நின்றது. விழுந்த செங்கல் அப்படி நிற்காது. யாரோ இரண்டு கையாலும் பிடித்து, சத்தம் வராமல் இறக்கி வைத்திருக்கிறார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த கறுப்புக் கீற்றிலிருந்து பாசி வாடை வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை மூடினான். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர்ப் பக்கத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் போரின் முதல் சட்டம்.

அது 1993, ஐப்பசி. போர் தொடங்கி மூன்றாவது மழைக்காலம். கடலுக்கு மேல் வந்து நின்றவற்றுக்கு மேலிடம் ஏதோ பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் ‘வந்தவங்க’ என்றார்கள். அவர்கள் கண்ணுக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள். தண்ணீர் வழியாகக் காது மட்டும் கேட்கும். கிணறு, ஏரி, வாளி, தேங்கிய குட்டை, எதுவானாலும் சரி. ஒருவன் பெயரையும் இருக்கும் இடத்தையும் தண்ணீரில் யாராவது சொல்லிவிட்டால் அவன் அங்கே இருக்க மாட்டான். எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டுத் திரும்பியவர் யாரும் இல்லை.

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூரில், சொந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு மாடி வீட்டில் மூன்று பேர் காவலுக்கு இருந்தார்கள். தலைவர் சாம்பசிவன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், ஐம்பது வயது, போரின் முதல் மழைக்காலத்தில் மனைவி வேதாவைப் பறிகொடுத்தவர். மாரி, மாடம்பாக்கத்துக்காரன், கொத்தனார். ஜெயவேலு, தாம்பரம் யார்டில் ரயில் பெட்டி பழுது பார்த்தவன். நாலாவதாக இருந்த ஏசுபாதம் போன வாரம் வேங்கைவாசல் காவலுக்குப் போனான். அந்தக் காவல் இருக்கும் இடம் இந்த வீட்டைத் தாண்டி வேறு யாருக்கும் தெரியாது. இரண்டு நாளில் வேங்கைவாசலிலிருந்து வயர்லெஸ் பதில் நின்றுபோயிற்று.

அப்போதே சாம்பசிவன் ஜெயவேலுவை மாடி அறைக்குக் கூட்டிப்போய், இந்த வீட்டில் ஒருத்தன் தண்ணியோடு பேசுகிறான் என்று சொல்லியிருந்தார். மாரி மேல் ஒரு கண் வைக்கச் சொன்னார். மாடம்பாக்கத்தில் மாரியின் தெரு மொத்தமும் போயிற்று, பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் போனார்கள், இவன் மட்டும் எப்படி மிஞ்சினான் என்று கேட்டார்.

பலகை நகர்ந்திருந்த அன்று ஜெயவேலுவுக்குப் பயம் இன்னும் கூடுதல். பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சிமெண்ட் குடோனில் அறுபத்தோரு பேர் ஒளிந்திருந்தார்கள். சிமெண்ட் வைக்கிற இடம் என்பதால் அந்தப் பக்கத்திலேயே ஈரமில்லாத இடம் அதுதான். மறுநாள் விடியற்காலை கூட்ஸ் வண்டி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும். அந்த அறுபத்தோரு பேரில் அவன் மனைவி தனமும் ஆறு வயது மகள் கனகவல்லியும் இருந்தார்கள். பெயர்ப் பட்டியல் சாம்பசிவனிடம் இருந்தது.

காலை பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் பேச்சு கிடையாது. ஓட்டுச் சரிவிலிருந்து வடிந்த தண்ணீர் முற்றத்தில் தேங்கி, வாசற்படியில் ஏறி, ரோட்டுப் பள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போவதையும், போகிற வழியெல்லாம் அது பெரிய காதாக விரிவதையும் ஜெயவேலு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தான். நடந்தால் காலடிச் சத்தம் கேட்டது; மறுபடி உட்கார்ந்தான். வேண்டியதை அந்த வீட்டுக் குழந்தையின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டார்கள். ஈரக் காற்றில் சாக்பீஸ் நமுத்து, எழுத்து பதியவில்லை.

மத்தியானம் மாரி பின்கட்டுக்குப் போனான். ஜெயவேலு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

மாரி கிணற்றடியில் மழையில் நின்றிருந்தான். முதுகுதான் தெரிந்தது. தலை குனிந்திருந்தது. தாடை அசைந்தது.

ஜெயவேலு பின்னாலிருந்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தி, தரதரவென்று இழுத்துவந்து மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டோர் ரூமில் தள்ளினான். அங்கே தரை காய்ந்திருந்தது. துப்பாக்கி முனையை மார்பில் வைத்து, யார் பெயரைச் சொன்னாய் என்று கேட்டான்.

மாரி திமிரவில்லை. “சத்தம் வுடலண்ணா. வாய் மட்டும்தான் ஆட்டினேன். எம் புள்ளைங்க பேருதான். டெய்லி ஒரு வாட்டி சொல்லலேன்னா மறந்து பூடுமோன்னு பயமா கீது.”

“பலகைய யாரு நகர்த்தினது?”

“நானில்ல. ராவுல தண்ணி மொள்ற சத்தம் கேட்டுச்சு. நீயின்னு நெனச்சேன்.”

ஜெயவேலு நம்பவில்லை. கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான். மாடியிலிருந்து இறங்கி வந்த சாம்பசிவன் ஈரம் படாத படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவன் தோளில் கை வைத்து, போய்க் கொஞ்சம் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் கை சில்லென்று இருந்தது. சட்டைக் கையின் முனை நனைந்திருந்தது. மழைக்காலத்தில் யார் சட்டைதான் நனையாது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

படுத்தான். தூக்கம் வரவில்லை. மழை விட்டிருந்தது. விட்ட பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. குழாய் சொட்டுவது. எங்கோ ஒரு கதவு. ஸ்டோர் ரூமில் மாரியின் இருமல். இவற்றுக்கெல்லாம் அடியில், ஒரே சீராக, வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கிற குரல்.

எழுந்தான்.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நாலு மணி வெளிச்சம், சாம்பல் நிறத்தில். சாம்பசிவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பித்தளை வாளி, விளிம்புவரை கிணற்றுத் தண்ணீர். மடியில் பட்டியல். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“அபிதகுஜாம்பாள். சிமெண்ட் குடோன், பெருங்களத்தூர்.”

நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றது வாளி.

பெண் குரல். அடுப்படியில் வேலையாக இருந்துகொண்டே புருஷனிடம் கதை கேட்கிற குரல். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

“சவுரிமுத்து. சிமெண்ட் குடோன், பெருங்களத்தூர்.”

“அப்புறம்?”

“தனம்…”

ஜெயவேலு வாளியை உதைத்தான். தண்ணீர் தரையெங்கும் பரவியது. பட்டியல் அவர் மடியில் நனைந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு சின்ன டிக் இருந்தது. கடைசிப் பெயர்வரைக்கும் இருந்தது. அன்றைக்குத்தான் அவர் படிக்க ஆரம்பித்தார் என்பதில்லை. இது இரண்டாவது தடவையோ, மூன்றாவதோ.

சாம்பசிவன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பயப்படவில்லை. பேச்சின் நடுவில் தொந்தரவு செய்யப்பட்ட மனிதரைப் போல இருந்தார்.

“வேதா பேசறா, ஜெயவேலு. ரெண்டு வருஷமா பேசறா. ஒரு பேர் சொன்னா கொஞ்ச நேரம் இருக்கா. அப்பறம் போயிடறா. புதுப்பேர் இல்லேன்னா பழசையாவது படிக்கச் சொல்றா.”

ஜெயவேலு துப்பாக்கியைத் தூக்கினான். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மெதுவாக, மூட்டுவலிக்காரர் படுக்கிற மாதிரி, ஈரத் தரையில் பக்கவாட்டில் படுத்தார். கன்னத்தையும் காதையும் தண்ணீரில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார்.

“அப்புறம்?” என்றது தரை.

சுட முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓடினான். வயர்லெஸ்ஸில் குடோனை அழைத்தான். இரைச்சல். மறுபடி அழைத்தான். இரைச்சல். ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளைத் திறந்தான். மாரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது மாரி கையமர்த்தினான்.

“அதெல்லாம் அப்பால பேசிக்கலாம். சைக்கிள எடுண்ணா.”

ஒரே சைக்கிள். மாரி மிதித்தான். ஜெயவேலு பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான். ரயில்வே சுரங்கப் பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அதைத் தவிர்த்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்கள். ஜி.எஸ்.டி. ரோடு காலியாக, நீளமாக, பளபளவென்று கிடந்தது. ஒரு பஸ் கதவு திறந்தபடி நின்றது. ஒரு நாய்கூட இல்லை. சக்கரத்துக்கடியில் குட்டைகள் பிளந்தன. பின்னால் மறுபடி மூடிக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏதாவது குரல் கேட்டுவிடுமோ என்று அவன் வாயிலிருந்த கைகளை எடுத்துக் காதை அடைத்துக்கொண்டான். வாய் தானாகத் திறந்துகொள்வது மாதிரி இருந்தது. மறுபடி வாய். மறுபடி காது.

பெருங்களத்தூர் வந்தபோது இருட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

குடோனின் இரும்புக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. ஜெயவேலு தட்டினான். பதில் இல்லை. காது வைத்துக் கேட்டான். ஆள் இருக்கிற இடத்தின் சத்தம் எதுவும் இல்லை. மாரி பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து நெம்பினான். பூட்டு தெறித்தது.

உள்ளே யாரும் இல்லை.

பாய்கள் இருந்தன. ஒரு டிபன் கேரியர். கனகவல்லியின் ஒற்றை ரப்பர் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அறுபத்தோரு பேர் படுத்திருந்த தரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். கூரையில் ஓட்டை இல்லை. சுவரில் கசிவு இல்லை. தண்ணீர் அசையவும் இல்லை.

மாரி அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் நகரவில்லை. குனிந்து பார்த்தான்.

தண்ணீரில் அவர்கள் நின்றிருந்தார்கள்.

மேலே வெறும் காற்று. கீழே, தலைகீழாக, அறுபத்தோரு பேரின் பிம்பம். வரிசையாக. நனையாத உடைகளோடு. கிழவிகள். குழந்தையைத் தோளில் போட்ட ஒருவர். மூன்றாவது வரிசையில் தனம். அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு கனகவல்லி. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். யாருடைய வாயும் அசையவில்லை.

தனத்தின் இடது கையை இன்னொருவன் பிடித்திருந்தான்; அவனுக்கு ஜெயவேலுவின் முகம். ஜெயவேலு கதவருகில்தான் நின்றான். தண்ணீரில் கால் வைக்கவே இல்லை.

கீழே நின்ற ஜெயவேலு தனத்தின் பக்கம் குனிந்து, அவள் காதில் ஒரு பெயரைச் சொன்னான். அவள் தலையாட்டினாள். பிறகு அறுபத்தோரு பேரும் ஒன்றாக மாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.