சிரிக்க மறந்த பிணம்

சிலிக்கான் புண்ணில் ஈ உட்காராது. பதினாறு வருடமாகச் சினிமாவுக்குப் புண்ணும் பிணமும் செய்கிற வெங்கடேஸ்வரிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் அன்று மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டின் பின்கட்டில், காலையில் கணவன் இசக்கிமுத்துவின் இடது கையில் அவள் ஒட்டிய அழுகல் புண்ணின் மேல் ஏழெட்டு ஈக்கள் நகராமல் உட்கார்ந்திருந்தன.

பால்கோவாதான் காரணம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பால்கோவாவைப் பாலில் கரைத்து, மஞ்சள் சேர்த்துச் சீழ் செய்வது அவள் கைவழக்கம். கேமராவில் அந்த வழவழப்பு வேறு எதிலும் வராது. இது முந்தாநாள் வாங்கியது; புளித்த பால் வாடை, அதற்கடியில் அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடப்பது போன்ற இன்னொரு வாடை. சீ, கருமம்!

நாளை அய்யனார் கோவில் மலையில் படப்பிடிப்பு. கிராபிக்ஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் காலம் மாதிரி கையால் செய்த பிணம்தான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக்காலில் நின்றார். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கிற இசக்கிமுத்து, லீவு போட்டுவிட்டு மாதிரிக்குப் பிணமாகப் படுத்தான். கையில் மட்டும்தான் புண். முகத்தில் பவுடர்கூடப் போடவில்லை. மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, வீடியோ எடுத்து அனுப்பினாள். உடனே ஓகே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டாள்.

"ஏட்டி, சீக்கிரம் உரிச்சு விடு. பசி உயிரு போகுது."

"செத்த நேரம் இருங்க. வலிக்கா?"

"ஒண்ணும் தெரியல. கை இருக்கதே தெரியல."

தேங்காய் எண்ணெய் தொட்டு ஓரத்தை நெம்பினாள். சிலிக்கான் சுருண்டு வந்தது. அடியில் தோல் இல்லை. ரப்பர் பால் காய்ந்து மஞ்சள் பூத்த இன்னொரு புண் இருந்தது. சிலிக்கான் வந்த பிறகு அவள் ரப்பரைத் தொட்டே பத்து வருடமாகிறது. அதையும் உரித்தாள். அடியில் பஞ்சு, மைதாப் பசை, குங்குமக் குழம்பு. கறுப்பு வெள்ளைக் காலத்துப் புண். அப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், செய்ததே இல்லை.

பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. இழுத்தாள். ஈரமாக, நூல் நூலாக வந்துகொண்டே இருந்தது. எலும்பு தட்டுப்படவில்லை.

அப்போதுதான் உறைத்தது.

பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் பிண வேஷம் உடம்பை விட்டுப் போகாது என்பது சினிமாக்காரர் நம்பிக்கை; எந்தப் படப்பிடிப்பிலும் அதை விடமாட்டார்கள். சிரித்த பிறகுதான் மாலையைக் கழற்றுவார்கள். எத்தனையோ பேரை அவளே சிரிக்க வைத்திருக்கிறாள். கட்டிய புருஷனை விட்டுவிட்டாள். பாவி, நான் பாவி!

போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பஞ்சு சட்டைக் கைக்குள் ஏறியிருந்தது. ஈக்கள் கழுத்துக்குப் போயிருந்தன.

"ஏங்க, இங்க பாருங்க. சிரிங்க."

"எதுக்குட்டி?"

"சிரிங்கன்னா சிரிங்க! உங்க காலப் பிடிக்கேன்."

சிரித்தான்.

உதட்டோரம் பாலாடை போலக் கிழிந்தது. கன்னம் வரை. காது வரை. ரத்தம் இல்லை. மஞ்சளாக, கட்டி கட்டியாக ஏதோ வழிந்து தாடையில் தொங்கியது. உள்ளே பல் இல்லை. பஞ்சு.

ஒரு ஈ உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவளால் போனைக் கீழே இறக்க முடியவில்லை.

இசக்கிமுத்து தாடையில் தொங்கியதை விரலால் வழித்தான். நக்கினான்.

"நல்லா இனிச்சுக் கெடக்குட்டி," என்றான்.

சிரிப்பு மூடவில்லை.