மிராக்ளினுக்கு ஆறு நிமிடங்கள்

மேட்ச் இருக்கிற சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் புதிதாக எதையும் சொல்லக் கூடாது. பள்ளியில் கையெழுத்துக் கேட்டார்கள், மோட்டாரில் சத்தம் வருகிறது, மாமா வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் என் காதுக்கு வந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். இது நான் போட்ட சட்டம். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே எழுந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். நான் வேலை பார்க்கும் கடல்நீர்க் குடிநீர் ஆலைக்கு ஏதாவது பதில் போட வேண்டியிருந்தால் போட்டுவிடுவேன். அரைகுறையாக விட்ட வேலை ஒன்றுகூட மண்டைக்குள் இருக்கக் கூடாது.

"ஒங்க அம்மைக்கு மேட்ச் புடிச்சிருக்கு, கிட்டப் போகாத," என்று என் கணவர் கிளாட்சன் மகளிடம் சொல்வார். மிராக்ளினுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் சிரித்துக்கொண்டு ஒதுங்கிப் போவாள்.

என் பெயர் ஜெபா. தூத்துக்குடி அலைவாய் மகளிர் கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறேன். பதிவின் பெயர் 'கோல்கம்பத்துக்குப் பின்னால்'. அந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரியாக மூன்று வருடம் ஆடியவள் நான். ஆட்டம் போனபிறகு கை சும்மா இருக்கவில்லை, எழுத ஆரம்பித்தேன். படித்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். வெறும் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியது. சாட்சிச் சட்டம் வந்ததும் அது என் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சட்டம் ஏன் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நடக்காத மேட்சுகளின் வீடியோக்கள் ஊரெல்லாம் சுற்றின. கணினி உண்டாக்கிய கோல், கணினி உண்டாக்கிய கூட்டம், கணினி உண்டாக்கிய கண்ணீர். எந்த அணி ஜெயித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வீடியோவை நீட்டினார்கள். கடைசியில் கேமராவை நம்புவதையே விட்டுவிட்டார்கள். மைதானத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, முழு ஆட்டத்தையும் கவனித்து, ஒரு மணி நேரத்துக்குள் தன் சொந்த வார்த்தையில் எழுதினால்தான் அந்த மேட்ச் நடந்ததாகக் கணக்கு. எழுதுகிறவர் பதிவு பெற்ற சாட்சியாக இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இப்போதைய மாணவியோ ஆசிரியரோ சாட்சியாக முடியாது. ஆளை மாற்ற வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும்.

வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதாது. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் பெயர் கவனமானி. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை, இடைவேளை உட்பட, மனம் மைதானத்தில் இருக்கிறதா என்று அது அளந்துகொண்டே இருக்கும். நாம் என்ன நினைக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. இங்கே இருக்கிறோமா, வேறெங்கோ போய்விட்டோமா என்பது மட்டும் தெரியும். மொத்தம் ஆறு நிமிடம்வரை மனம் அலையலாம். அதற்குமேல் போனால் சாட்சியம் செல்லாது, மேட்சும் செல்லாது. எவ்வளவு நேரம் அலைந்தது என்பது பதிவின் அடியில் விநாடிக் கணக்கில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

போன மாதம் நான் ஒரு மேட்சைக் கொன்றேன். எங்கள் பெண்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்த மேட்ச். இரண்டாம் பாதியில் எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அரைத்த இட்லி மாவைக் குளிர்பெட்டியில் வைத்தேனா, மேடையிலேயே விட்டுவிட்டேனா? மாவிலிருந்து மனம் மறுநாள் சமையலுக்குப் போனது, அங்கிருந்து கிளாட்சனின் முதுகுவலிக்கு, அப்புறம் மிராக்ளினின் கணக்குப் பரீட்சைக்கு. நான் திரும்பி வரும்போது ஒன்பது நிமிடம் போயிருந்தது. பதினோரு பெண்கள் ஓடி ஓடி வாங்கிய வெற்றி ஒரு பாத்திரம் மாவில் கரைந்துபோனது. அணித் தலைவி இசக்கிப்பிரியா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நாங்க ஜெயிச்சது எங்களுக்குத் தெரியும்லாக்கா, விடுங்க," என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாவு உள்ளேதான் இருந்தது.

ஒரு பருவத்தில் இரண்டு மேட்ச் செல்லாமல் போனால் அணியை லீக்கிலிருந்து இரண்டு வருடம் விலக்கிவிடுவார்கள். இசக்கிப்பிரியாவுக்கும் வேறு ஆறு பேருக்கும் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. அவர்களுக்கு இரண்டு வருடம் என்றால் ஒரேயடியாக என்று அர்த்தம். பருவத்தின் கடைசி ஆட்டம் அந்தச் சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிராக்ளின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் குடல்வால் அழற்சி என்றார்கள். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அறுவைச் சிகிச்சை என்று சொன்னபோது என் மனம் போட்ட முதல் கணக்கு, ஐந்தரைக்கு மேட்ச் முடியும், எழுதிவிட்டு ஏழுக்கு வந்துவிடலாம் என்பதுதான். அந்தக் கணக்கை நினைத்து எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து, நான்கு மணிக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வார்டு வாசலுக்கும் சன்னலுக்குமாக நடந்தேன். கிளாட்சன் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போ," என்றார். "சின்ன ஆபரேசன்தான்னு டாக்டரு சொல்லுதாரு. நான் இருக்கேன்லா."

"போகலன்னா அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் முடிஞ்சிரும்ங்க."

"அதான் போன்னு சொல்லுதேன்."

போக வேண்டாம் என்று நானே சொல்ல வேண்டும் என அவர் எதிர்பார்த்தார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் சொல்லவில்லை.

மிராக்ளின் கட்டிலிலிருந்து கையை நீட்டினாள். என் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிக்கிறவள் அவள். முதலில் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பாள்.

"யம்மா, ஒனக்கு ஆறு நிமிசம் இருக்குல்லா?"

"ஆமா மக்கா."

"அத இன்னைக்கு எனக்குக் குடு. வேற எதையும் நெனைக்காத. ஆறு நிமிசமும் என்னைய மட்டும் நெனச்சுக்கோ."

"தாரேன்," என்றேன். "ஒரு அஞ்சே முக்கா நிமிசம் தாரேன். கால் நிமிசம் பத்திரத்துக்கு இருக்கட்டும்."

அவள் வலியோடு சிரித்தாள். நான் கிளம்பினேன்.

பேருந்தில் போகும்போதே திட்டம் போட்டுவிட்டேன். முதல் பாதியில் இரண்டு நிமிடம், இடைவேளையில் இரண்டு, மீதி இரண்டாம் பாதியில். பந்து வெளியே போகும்போதெல்லாம் அவளை நினைக்க வேண்டும், பந்து உள்ளே வந்ததும் திரும்பிவிட வேண்டும். நேர்மையான ஏற்பாடுதான். இரண்டு பக்கத்துக்கும் நஷ்டமில்லை. மைதான வாசலில் விதிப்படி என் கைபேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். கவனமானியை ஒட்டிக்கொண்டு கோல்கம்பத்துக்குப் பின்னால் என் இடத்தில் உட்கார்ந்தேன். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இன்றைக்கு ஆறு நிமிடம் எங்கே போதும், அறுபது நிமிடம் அலையப் போகிறது என்று பயந்தேன்.

விசில் ஊதினார்கள். மூன்றாவது நிமிடமே எதிரணி கோல் போட்டது. எங்கள் கோல்கீப்பர் இடறி விழுந்து, கையிலிருந்த பந்தை அவர்கள் காலில் வைத்தாள். அப்புறம் நடந்ததை நான் பதிவில் இரண்டாயிரம் சொல்லில் எழுதியிருக்கிறேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். மைதானத்தின் வடக்கு மூலையில் காற்று திரும்பிக்கொண்டிருந்தது. அதை இசக்கிப்பிரியா கண்டுபிடித்ததையும், ஒவ்வொரு பந்தையும் அந்த மூலைக்கே தள்ளிக்கொண்டு போனதையும், எதிரணிக்குக் கடைசிவரை அது பிடிபடாமலே போனதையும் நான் பார்த்தேன். அறுபத்தெட்டாவது நிமிடம் சமன் செய்தார்கள். எண்பத்து நான்காவது நிமிடம் அவளே ஒரு கார்னர் அடித்தாள். பந்து போகிற போக்கில் காற்று அதைப் பிடித்து வளைத்து, யார் காலும் தலையும் படாமல் நேராக வலைக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது.

அங்கேயே மைதான அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். வார்த்தை தானாக வந்தது. ஆறேகாலுக்குப் பதிவை அனுப்பினேன். கைபேசி திரும்பக் கிடைத்ததும் முதலில் கிளாட்சனின் செய்தியைப் பார்த்தேன். 'நல்லபடியா முடிஞ்சுது. வார்டுக்குக் கொண்டுவந்தாச்சு.' அதை மூன்று தடவை படித்தேன். அப்போதுதான் உடற்கல்வி இயக்குநர் பிரிஸ்கா மேடம் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"ஜெபா, பாத்தியா? சாட்சியம் ஏத்துக்கிட்டாங்க. கவனச் சிதறல் பூச்சியம். எந்த லீக்குலயும் இப்படி வந்ததே இல்லையாம்."

பூச்சியம். திரையில் பார்த்தேன். நூற்றிரண்டு நிமிட ஆட்டம், பூச்சியம் விநாடி. நான் மிராக்ளினை நினைக்கவே இல்லை. பந்து வெளியே போனபோது அதை யார் எடுத்துவருகிறார்கள் என்று பார்த்தேன். இடைவேளையில் காற்றைப் பார்த்தேன். கொடுத்திருந்தால் எதுவும் குறைந்திருக்காது. அந்த ஆறு நிமிடத்துக்கு யாரும் என்னிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை, சட்டமே சும்மா கொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு உள்ளேயே, சொல்லக் கூசுகிறது, சந்தோஷமும் இருந்தது.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது மிராக்ளின் பாதி மயக்கத்தில் இருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

"யம்மா, குடுத்தியா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் கிளாட்சன் சொல்லிவிட்டார்.

"குடுத்தா மக்கா. முழுசா ஆறு நிமிசமும் ஒனக்குத்தான். நீ ஒறங்கு."

அவள் கண்ணை மூடினாள். அவர் என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிவந்தார். அவர் கைபேசியில் என் பதிவு திறந்திருந்தது.

"நாலு இருவதுக்கு மயக்க மருந்து குடுத்தாங்க," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ எழுதியிருக்கத வச்சுப் பாத்தா அது முப்பத்தஞ்சாவது நிமிசம். அந்நேரம் ஒருத்தி ஷூ கயிறு அவுந்து கட்டிக்கிட்டு இருந்தாளாம். அதயும் எழுதியிருக்க."

"பாத்தேன், எழுதுனேன்."

"பாத்திருப்ப. நான் ஒன்னையத் தப்பு சொல்லல." கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். "நாளைக்கு முழிச்சதும் அவ மொதல்ல இதத்தான் கேப்பா. பதிவ எடுத்துரலாம்லா?"

எடுக்கலாம். அனுப்பி ஒரு மணி நேரத்துக்குள் சாட்சி தன் சாட்சியத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றால் எண்ணும் மறைந்துவிடும், மேட்சும் மறைந்துவிடும். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

இந்தக் கருவி இல்லாத காலத்தில் எந்த அம்மாவும் எந்தப் பிள்ளையிடமும் "ஒன்னையத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லியிருப்பாள். அது பாதி பொய்யாக இருந்திருக்கும், முழுப் பொய்யாகவும் இருந்திருக்கலாம். பிள்ளை நம்பியிருக்கும், அம்மாவும் சொல்லச் சொல்லத் தானே நம்பியிருப்பாள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மேட்ச் உண்மை என்று ஊருக்கு நிரூபிக்கிற அதே எண்தான் என்னையும் காட்டிக்கொடுக்கிறது. நான் வராந்தாவில் நடந்தேன். திரும்பப் பெறும் பொத்தான் என் கைபேசித் திரையில் சிவப்பாக இருந்தது. ஒரு தடவை விரலை அதன்மேல் கொண்டுபோனேன். அந்தப் பெண்கள் இந்நேரம் விடுதியில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது தடவை கொண்டுபோனபோது கிளாட்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழேகாலுக்குப் பொத்தான் தானாக மங்கி மறைந்தது. நான் அழுத்தவில்லை. அவர் உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

காலையில் மிராக்ளின் தெளிவாக விழித்தாள். கைபேசியைக் கேட்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"மக்கா, நேத்து அப்பா சொன்னது ஒன்னையச் சமாதானப்படுத்த. நான் ஒரு செகண்டுகூடக் குடுக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். "பயந்துட்டியா? ஆறுக்கு மேல போயிரும்னு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எனக்கு ஒரு வழி திறந்து விட்டிருந்தாள்.

"இல்ல. மறந்துட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் பார்வையைக் கூரைக்குத் திருப்பினாள்.

"ஜெயிச்சாங்களா?"

"ரெண்டுக்கு ஒண்ணு. இசக்கிப்பிரியா கார்னர்லேர்ந்து நேரா அடிச்சா."

"நல்ல கோலா?"

"ரொம்ப நல்ல கோல்."

தலையை ஆட்டினாள். கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தண்ணீர்க் குவளை என் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. கிளாட்சன் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யப்பா," என்று அவள் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. "யப்பா, தண்ணி."