கிணற்றுக்குள் நிற்கும் ஆள்

ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கோபு செத்தபோது துளசிங்கம் அவனுக்குத் தர வேண்டியிருந்த பாக்கி. ஏழு வருஷம் கழித்து அந்தப் பணத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மேற்குத் தாம்பரம் பிரவுசிங் சென்டரில், தான் தினமும் துடைக்கிற நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தான். காலையில் கோபுவின் பெண்சாதி அங்காளம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

கடைப் பரணில் பழைய ஃப்ளாப்பி ஒன்று கிடைத்திருந்தது. இருவரும் கிணறு தூர்வாரிய காலத்தில், சனிக்கிழமைக் கூலி வாங்கியதும் இங்கே வந்து ஆடிய கம்ப்யூட்டர் ஆட்டம் அதில் இருந்தது. பாழடைந்த பங்களா, கொல்லையில் கிணறு, கயிறு கட்டி இறங்கும் ஆள். பகலெல்லாம் இறங்குவது போதாதா என்று துளசிங்கம் அலுத்துக்கொள்வான்.

"இதுல செத்தா மறுபடி எழுந்துக்கலாம் மச்சான்," என்பான் கோபு.

கடைசிச் சனிக்கிழமை, ஆளைக் கிணற்றுக்குள்ளேயே விட்டு ஆட்டத்தை சேவ் செய்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை கோபு செத்தான். அந்த ஆளையாவது மேலே ஏற்றிவிட்டால் தனக்குத் தூக்கம் வரும் என்று துளசிங்கத்துக்கு ஒரு நினைப்பு.

"புது சிஸ்டம்ணா. பழைய ஆட்டம் ஓடினாலும் தலைதெறிக்க ஓடும்," என்று சொல்லித்தான் கடைக்காரன் பிரேம் போட்டுக் கொடுத்தான். அப்படியேதான் ஓடியது. கதவுகள் படபடவென்று திறந்து மூடின, வௌவால்கள் கோடுகளாகப் பறந்தன, நிலா கண்சிமிட்டும் நேரத்தில் ஏறி இறங்கியது. கிணற்றுக்குள் இருந்த ஆள் மட்டும் பழைய வேகத்திலேயே, மெதுவாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்து கரண்ட்டையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இந்த ஒரு சிஸ்டத்தை மட்டும் யு.பி.எஸ். தாங்கி நின்றது. பிரேம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனான். யு.பி.எஸ். விட்டுவிட்டுக் கத்தியது. கீ. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி கீ. ஏ.சி. நின்ற அறையில் ரூம் ஸ்பிரே வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை கிளம்பியது. சேறு. பல வருஷம் மூடிக் கிடந்த கிணற்றுச் சேறு.

கிணற்றுக்குள் விஷவாயு இருக்கும் என்பதால், தூர்வாரும்போது மேலே கயிறு பிடிப்பவன் கீழே இருப்பவனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் இரண்டு இழுப்பு இழுத்தால், உடனே தூக்கு என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை இறங்கும் முறை துளசிங்கத்தினுடையது. அவனுக்கு உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. உன் முறைக்கு நான் இறங்குகிறேன், இன்னொரு நாள் என் முறைக்கு நீ இறங்கு என்றான் கோபு. துளசிங்கம் கயிற்று நுனியைக் கம்பத்தில் சுற்றிவிட்டு உட்கார்ந்தான். கூப்பிடவில்லை. கண் சொருகிப்போயிற்று. கயிறு இரண்டு தரம் அசைந்தது தூக்கத்தில் தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கோபு கயிற்றை இழுக்கவே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னான்.

கீ.

திரையில் கயிறு அசைந்தது. இரண்டு தரம்.

கீழே எழுத்துகள் வந்தன. முப்பத்தாறு வயதில் இதே கடையில் கற்றுக்கொண்ட எழுத்துகள். விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினான். யார் முறை என்று கேட்டிருந்தது. இந்த ஆட்டம் இதற்கு முன் அப்படிக் கேட்டதே இல்லை.

தேடாமல் அடிக்கத் தெரிந்த வார்த்தை அவனுக்கு ஒன்றுதான். தன் பெயர். எது கேட்டாலும் அதைத்தான் அடிப்பான். விரல்கள் பழக்கத்தில் அடித்து முடித்துவிட்டன.

அந்த ஆள் ஏறத் தொடங்கினான். மெதுவாக. படிக்குப் படி பெரிதாகிக்கொண்டு. தலையில் சிவப்புத் துண்டு. கோபு கட்டுகிற கட்டு.

கீ. கீ. பிறகு சத்தமில்லை.

இருட்டு.

கால் சில்லிட்டது. முழங்கால் வரை. இடுப்பில் ஏதோ இறுகியது. தடவிப் பார்த்தான். கயிறு.

மேலே, வெகு உயரத்தில், சதுரமாக ஒரு வெளிச்சம். அதில் பிரவுசிங் சென்டரின் கூரை. கரண்ட் வந்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மிக வேகமாக. நாற்காலி கிறீச்சிட்டது. சேறு வழியும் முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

துளசிங்கம் கயிற்றை இழுத்தான். இரண்டு தரம்.

"காசு இர்க்கட்டும் மச்சான்," என்றான் கோபு. "கணக்கு நேராப்பூட்ச்சு."

கயிற்றின் மறுநுனி, சுருள் சுருளாக, துளசிங்கத்தின் தலைமேல் வந்து விழுந்தது.