ஒரு ஸ்கோப், ஒரு புருவம்!

மார்பில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தான் ஷாயிர்பெக்.

நாரின் ஊருக்கு மேலே, மேய்ச்சல் மலையில். அந்தி நேரத்தில் யாரோ கீழேயிருந்து சுட்டிருக்கிறார்கள். அடிவாரப் பள்ளத்தில் கிடந்த ரைபிள்... துப்பாக்கிக் கடைக்காரி ஜூராவுடையது!

மறுநாள் காலை அந்த ரைபிள் அவள் கடை மேஜைமேல் வந்து விழுந்தது. கொண்டுவந்தவர் போலீஸ் கேப்டன் எமில்பெக். கூடவே செத்தவனின் தம்பி தோலோத். இருவரும் துக்க வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள். இருவர் தலையிலும் வெள்ளைக் கல்பாக் தொப்பி.

"உன்னுதுதானே?" என்றார் கேப்டன்.

"என்னுதுதான். மலைக் குடிசையில பூட்டி வெச்சிருந்தேன். பூட்டை உடைச்சவனைப் புடிங்க."

பூட்டை அவளே உடைத்திருக்கலாம் என்றார் கேப்டன். 'என் மேய்ச்சல்ல காலை வெச்சா சுடுவேன்' என்று சந்தை நடுவில் அவள் ஷாயிர்பெக்கிடம் கத்தியதை ஊரே கேட்டது என்றார். சம்பவ நேரத்தில் அவள் ஆடுகளோடு தனியாக இருந்தாள், ஆடுகள் கோர்ட்டுக்கு வராது என்றார். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று ஒரு பேனாவையும் நீட்டினார்.

ஜூரா பேனாவை வாங்கினாள். காதில் செருகிக்கொண்டாள்.

"கையெழுத்து வராது கேப்டன். வேற கேளுங்க."

"இந்தத் திமிரு உன்னை இருபது வருஷம் உள்ள தள்ளும்."

"தள்ளட்டும். செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்."

தோலோத் அவளை முறைத்துக்கொண்டே நின்றான். நேற்றுவரை 'அக்கா, அக்கா' என்று வந்து போனவன்.

அப்போதுதான் பார்த்தாள். ரைபிள் மேலே மாட்டிய குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கம்... வளையத்தின் இடுக்கில்... காய்ந்த ரத்தம்!

செத்தவன் விழுந்தது எங்கோ மலை மேலே. அப்படியானால் இது யாருடையது?

ஜூராவின் குரல் சட்டென்று வியாபாரக் குரலாகிவிட்டது.

"மலிவு ஸ்கோப்புன்னா அந்தியில இருட்டடிச்சிரும். உசந்ததை வாங்கணும்னா ரெண்டு குதிரையை விக்கணும். இது நடுவாந்தரம். ஓநாய் வர்ற நேரத்துலயும் வெளிச்சம் தரும், குதிரையிலேர்ந்து விழுந்தாலும் குறி நகராது. ஆனா அவ்வளவு தூரத்துல ஆள் மூஞ்சி தெரியுமா? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

எதிர் மலையில் ஆடு எண்ணக்கூட ஸ்கோப்பை எடுக்கிற ஊர் அது. வேண்டாம் என்று யார் சொல்வார்?

கேப்டன் காலி ரைபிளைத் தோளில் வைத்து ஜன்னல் வழியே குறி பார்த்தார். ரைபிளின் பின்கட்டையில் கன்னம் படவில்லை. கழுத்தை நன்றாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதே," என்றார்.

"தோலோத், நீயும் பாரு."

அவன் வெடுக்கென்று பிடுங்கித் தோளில் வைத்தான். கட்டையில் கன்னம் பதித்தான்.

ணங்!

"என்ன எழவு இது... புருவத்துல இடிக்குது!"

"இடிக்கும். என் குட்டைக் கழுத்துக்குன்னு ஸ்கோப்பைப் பின்னாடி தள்ளி மாட்டியிருக்கேன். எந்த ஆம்பிளை எடுத்தாலும் முதல் தடவை இடிச்சுப்பான். மேல் நோக்கிச் சுட்டா, உதைக்கிற உதையில புருவமே கிழிஞ்சிரும். கிழிஞ்சிருக்கு. ரத்தம் அங்கயே இருக்கு பாரு." தன் நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. "கேப்டன் மட்டும் இடிச்சுக்கல. ஏன்னு அவரையே கேளு."

கேப்டனின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

தோலோத் முந்திக்கொண்டான். ஒருத்தர் தலைக் கல்பாக்கை இன்னொருத்தர் தொடவே கூடாது. தொட்டால் வெட்டுக்குத்துதான். கேப்டனுடையதைத் தோலோத் தட்டிவிட்டான்!

புருவம்வரை இழுத்துவிட்டிருந்த தொப்பி பறந்தது. வலது புருவத்துக்கு மேலே... பிறை மாதிரி ஒரு புதுக் காயம்!

"நீங்க வெளிநாட்டுக்காரனுக்கு வித்த கள்ள வேட்டை அனுமதியை மேலதிகாரிங்ககிட்ட சொல்லத்தானே எங்கண்ணன் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கிளம்பினான்!" தோலோத்தின் குரல் உடைந்தது. கேப்டனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். "அக்கா... மன்னிச்சிரு அக்கா."

ஜூரா காதிலிருந்த பேனாவை எடுத்துக் கேப்டனின் சட்டைப் பையில் திருப்பிச் செருகினாள்.

"அடுத்த தடவை ரைபிள் திருடணும்னா முதல்ல கடைக்கு வாங்க கேப்டன். உங்க கழுத்துக்கு அளவெடுத்து மாட்டித் தரேன்!"