ஆறாவது கோப்பை

பல் டாக்டர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஆறாவது கோப்பையை எடுத்தபோது அது சூடாக இருந்தது. யாரோ குடித்து முடித்து இப்போதுதான் கீழே வைத்த மாதிரி ஒரு சூடு. மணி நான்கு. அந்த மூலைக்கு வெயில் வருவதே இல்லை. அலமாரிச் சாவி அவர் சட்டைப்பையை விட்டு நகர்ந்ததில்லை. கட்டிய மனைவியிடம்கூட அதை நம்பிக் கொடுத்ததில்லை.

இருநூறு வருடத்துப் பிரெஞ்சுப் பீங்கான். பால் வெள்ளை உடம்பு, தங்க விளிம்பு, கைப்பிடியருகே ஒற்றை ரோஜா. ஆறு கோப்பைத் தொகுப்பில் ஐந்து அவரிடம் முன்பே இருந்தன. பல்வலியோடு வந்தவர்கள்கூட அவற்றின் வரலாற்றிலிருந்து தப்பியதில்லை. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் எதிர்த்துப் பேசவும் முடியாது. தெரியாத பிரெஞ்சை மூக்காலேயே பேசிச் சமாளிப்பார்.

ஆறாவது கோப்பை ஏலத்துக்கு வருகிறது என்று, பெருமை தாங்காமல், ஒரு குடும்ப விருந்தில் உளறிவிட்டார். அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவன், குளியலறை ஓடு விற்கிறவன், முந்திக்கொண்டு போய் அதை வாங்கிவிட்டான். வாங்கியதாவது போகட்டும். அதில் டீ குடித்தான். பிஸ்கட் முக்கினான்.

"பூட்டி வெச்சு என்ன சகலை பண்றீங்க? ஒரு வாய் குடிச்சுப் பாருங்க," என்று வேறு நீட்டுவான்.

டாக்டருக்கு வயிறு எரியும். நோயாளிகளின் பல்லுக்கு உறை செய்து தரும் ஆளிடம் அதே அச்சில் ஒரு போலிக் கோப்பை செய்து வாங்கி, இரண்டு வருடம் பொறுமையாக இருந்தார். போன மாதம் சகலை மாரடைப்பில் போனான். துக்கம் கேட்கப் போனவர், கண்ணைத் துடைத்த கையோடு கோப்பையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

ஹாலில் மனைவி போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "பாவங்க என் தங்கச்சி. தினம் நாலு மணிக்கு அவரோட கோப்பைல டீ ஊத்தி, அவர் நாற்காலி முன்னாடி வெக்கிறாளாம். குடிக்கத்தான் ஆளில்லைன்னு அழறா."

டாக்டர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. செத்த பிறகும் அவனுக்குத்தானா?

மனைவி உள்ளே போனதும் ஜன்னலருகே சென்று கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். அசல் பீங்கான் என்றால், மறுபக்கம் பிடித்திருக்கும் விரல்கள் கோப்பையின் சுவர் வழியே நிழலாகத் தெரியும். தெரிந்தன. நான்கு விரல்கள். அவற்றின் இடுக்கில் மெல்ல, இடம் பார்த்து உட்காருகிறவைபோல், இன்னும் நான்கு. தடித்த, குட்டையான விரல்கள். தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துப் போனது. அறையில் ஊறிய பிஸ்கட்டின் வாசனை.

பயந்த மனிதன் கீழே வைத்திருப்பான். சேகரிக்கிறவன் வைக்கமாட்டான்.

மேஜைமேல் இருந்த பிளாஸ்கைச் சாய்த்து டீ ஊற்றினார். இது என்னுடையது. நான்தான் குடிப்பேன். வாயில் வைத்தார். விளிம்பு ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

அவர் உறிஞ்சவில்லை. ஆனாலும் டீ இறங்கியது. எதிர் விளிம்பில் நிதானமாக, ரசித்து உறிஞ்சும் சத்தம்.

கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். அது வரவில்லை.

டீ தீர்ந்தது. சத்தம் நிற்கவில்லை. அவர் நாக்கு வறண்டது. பிறகு ஈறு. கடைவாயில் ஏதோ நெகிழ்ந்தது. வலியே இல்லை.

டிங்.

அசல் பீங்கானின் சுத்தமான ஒலி. கோப்பைக்குள், அடியில் கிடந்தது அவருடைய கடைவாய்ப்பல், வேரோடு.

"என்னங்க சத்தம்?" என்றாள் மனைவி உள்ளிருந்து.

பதில் சொல்ல வாயை எடுக்க வேண்டும். எடுத்தால் அவனுக்கு விட்டுக்கொடுத்த மாதிரி.

டிங். டிங்.

அவர் பிடியை விடவில்லை. அந்தப் பக்கமும் விடவில்லை.